வால்பாறைக்குப் போகிறவர்களே, கேளுங்கள்

ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டி வால்பாறைக்கு வண்டி ஏற்றுகிறவர்களே, ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி நீங்கள் பார்க்கப்போகும் தேயிலைப் பரப்பு, நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு மழைக்காடாக இருந்தது. காட்டை நாம் வெட்டினோம். யானைகள் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். நடு ஆறு, சோலையாறு கரைகளில் மிச்சமிருக்கும் மரநிழலைப் பிடித்துக்கொண்டு இன்றும் அவை எஸ்டேட்டுகளுக்குள் வந்து போகின்றன. அதே எஸ்டேட்டுகளில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில்தான் தொழிலாளர் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வாழ்கின்றன.

2025 பிப்ரவரியில், சாலையில் யானை நிற்கிறதென்று மற்ற வண்டிகள் ஒதுங்கி நிற்க, மோட்டார் சைக்கிளில் வந்த ஜெர்மானியப் பயணி ஒருவர் அதைக் கடந்துவிடப் பார்த்தார். யானை தாக்கி இறந்துபோனார். அங்கே துணிந்தவரே உயிரைக் கொடுத்தார். பல சமயம் அப்படி நடப்பதில்லை. ஹாரன் அடித்தவரும், கல்லெறிந்தவரும், செல்ஃபிக்காக இறங்கி ஓடியவரும் பத்திரமாக விடுதிக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். மிரண்டு விரட்டப்பட்ட அந்த யானை மறுநாள் காலையில் கொழுந்து பறிக்கப் போகும் ஒரு பெண்ணுக்கு எதிரே வந்து நிற்கலாம். அவர் போகும் பாதை ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். இரண்டு பக்கமும் இடுப்பளவுக்கு நெருக்கமாக வளர்ந்த செடிகள். இடுப்பில் பிளாஸ்டிக் தாள், முதுகில் பை, காலடியில் வழுக்கும் சரிவு, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம். அவர் எந்தப் பக்கம் ஓடுவார்? உங்கள் கைபேசியில் ஒரு படம் சேர்வதற்காக அவரை அந்த இடத்தில் நிறுத்த உங்களுக்கு என்ன உரிமை?

யானையைக் கண்டால் தொலைவிலேயே வண்டியை நிறுத்துங்கள். இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், அது போகும் வழியை அடைக்காதீர்கள். அரை மணி நேரம் ஆனால் ஆகட்டும். சாலையோரம் தின்பண்டம் எறிவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இங்கே யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர், பக்கத்தில் யானை இருப்பதே தெரியாமல் போய் எதிர்ப்பட்டவர்கள். அதனால்தான் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் வனத்துறையோடும் ஊராரோடும் சேர்ந்து முன்னெச்சரிக்கை ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். யானை எங்கே நிற்கிறதென்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். உள்ளூர் கேபிள் டிவியில் வரியாக ஓடும். முக்கியமான இடங்களில் உயரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கை ஊர்க்காரர்களே தங்கள் கைபேசியிலிருந்து எரிய வைக்கிறார்கள். உயிரிழப்பு குறைந்தது. யாரையும் விரட்டாமல், தகவல் சொன்னதால் கிடைத்த பலன் இது! சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த வழி போகாதீர்கள், எவ்வளவு அவசரமானாலும்.

காட்டுமாடு சாதுவாக மேய்கிறதே என்று கிட்டே போகாதீர்கள். கரடி செடிகளுக்குள் குனிந்திருந்தால் கண்ணுக்கே படாது. அதனால் சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள்.

சிறுத்தை விஷயத்தில் எஸ்டேட் நிர்வாகத்தினரிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. 2025 ஜூனில் ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த தம்பதியின் சிறு பெண் குழந்தையை வீட்டுப் பக்கத்திலிருந்தே சிறுத்தை கவ்விச் சென்றது. தெருநாயும் கோழியும், வீட்டோரம் கொட்டும் இறைச்சிக் கழிவும் இருக்கும் இடத்துக்குச் சிறுத்தை வரும். லைன் வீட்டைச் சுற்றிப் புதர் மண்டிக் கிடந்தால் அங்கேயே பதுங்கும். புதரை வெட்டுங்கள், விளக்குப் போடுங்கள், கழிப்பறையை வீட்டோடு சேர்த்துக் கட்டிக்கொடுங்கள். இருட்டில் வெளியே போகாதே என்று சொல்வதற்கு முன், போக வேண்டிய தேவையை ஒழியுங்கள்.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களில் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இந்தக் காடும் அவர்களுக்குப் புதிது. உங்கள் லைனில் அப்படியொரு குடும்பம் இருந்தால், எச்சரிக்கை வந்ததும் போய்க் கதவைத் தட்டுங்கள். தெரிந்த நாலு இந்தி வார்த்தையிலோ, கையைக் காட்டியோ சொல்லுங்கள். வாசலில் விளையாடும் குழந்தைகளைப் பொழுது சாயும் முன்னே உள்ளே கூப்பிடச் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இன்று மாலையே போங்கள்.