வராத நாளை

‘நாளைக்கு வாங்கித் தர்றேன்டா, இப்ப வா’ என்று சொல்லித்தான் பிள்ளைகளைக் கடைவாசலிலிருந்து இழுத்து வருகிறோம். அந்த ‘நாளைக்கு’ எத்தனை தடவை வந்தது, எத்தனை தடவை வரவில்லை என்ற கணக்கு நமக்கு மறந்துவிடும். பிள்ளைக்கு மறக்காது.

அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஆய்வு 2013இல் வெளியானது. சிறுவர் 28 பேர். படம் வரையக் கையில் இருப்பதைவிட நல்ல பொருள் கொண்டுவருகிறேன் என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பினார். பிறகு ஒரு மிட்டாயை வைத்து, பொறுத்திருந்தால் இரண்டு என்றார்கள். வாக்குப் பலித்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாந்தவை 3 நிமிடம். அவசரக்குடுக்கை என்று அவற்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏமாந்த யாரும் செய்வதைத்தான் செய்தன.

சொன்னதைச் செய்யப் பெரியவர்களுக்கு முதலில் உடம்பில் தெம்பு வேண்டும். ராத்தூக்கம் கெட்டு, மனசும் சோர்ந்து கிடக்கும் அம்மாவிடம் ஒரே குறும்புக்குக் காலையில் சிரிப்பு கிடைக்கும், மாலையில் அடி விழும். எதற்கு என்ன நடக்கும் என்று தெரியாத வீட்டில் பிள்ளை எதை நம்பித் தன்னை அடக்கிக்கொள்ளும்? அழுகையை அது தானாக அடக்கப் பழகுவதே, யாரோ தோளில் போட்டுத் தட்டி அடக்கிவிட்டதிலிருந்துதான்.

இதையும் அம்மாவுக்கான இன்னொரு புத்திமதியாக்கிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சுற்றிய கிராமங்களில் புத்திமதியோடு நிற்கவில்லை. மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கே, பயிற்சி பெற்ற உள்ளூர் சுகாதாரப் பணிப்பெண்கள் போய்ப் பேசினார்கள். பிரசவத்துக்குப் பிறகும் பல மாதம் போனார்கள். 2008இல் வந்த முடிவுகளில், சோர்வு நீடித்த தாய்மார் பாதிக்கும் குறைவு; அம்மா அப்பா இருவருமே பிள்ளையோடு விளையாடும் நேரம் கூடியிருந்தது. அப்பாவும் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்லலாம்.

இங்கே தமிழ்நாட்டில் மாநில அரசு ஊழியைக்குப் பேறுகால விடுப்பு 12 மாதம், தனியார் நிறுவனத்தில் இருப்பவளுக்கு 26 வாரம். சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கு, போகாத நாளுக்குக் கூலி இல்லை. பிள்ளையை அங்கன்வாடியில் உட்காரவைக்க 2 வயதாக வேண்டும். அதுவரை மாமியாருக்கு முடிந்தால் மாமியார். முடியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்ட மூத்த பெண்.