வெட்டுண்ட உழவர்

நிந்தவூர் வட்டையில் உழவு இயந்திரம் இறங்கியதும் அதன் பின்னே கொக்குகள் திரளும். புரளும் சேறு அவற்றிற்குப் புழுவும் பூச்சியும் தருகிறது.

வெண்கொக்கைப் படம்பிடிக்கப் பழகுவோர் முதலிற் கற்க வேண்டுவது ஒளியை அடக்குதல். ஒளி மிகுந்தால் இறகின் வரிகள் வெறும் வெள்ளையாய் அழியும். பின்னர் எத்திருத்தமும் அவற்றை மீட்காது. குறைத்தெடுத்து, இருண்ட பகுதியைப் பிறகு தெளிவாக்கலாம். இதிற் பொய்யில்லை; கண் கண்டதே மீள்கிறது.

ஆனால், அழகுக்கு இடையூறென்று உழவரை வெட்டிவிடுகிறோமே, அதுவும் திருத்தந்தானா? நானும் வெட்டியவனே. படச்சட்டம் எதையேனும் விலக்கியே தீரும் என்பர். மெய்தான்; எப்போதும் உழைப்பவரையே விலக்குவதேன்?

வெட்டாத படமொன்றை உழவரிடம் காட்டினேன். அவர் கொக்கைப் பார்க்கவில்லை. மூலையில் உழாது விடுபட்ட துண்டைச் சுட்டி, "இதை நாளைக்கு முடிக்கணும், சேர்" என்றார்.