நாவின் நீதி

வவுணதீவுத் தயிர்ச் சட்டியை முன்னே வைத்துக்கொண்டு பிரெஞ்சு மதுவைப் பற்றிப் பேசுவதா என்று வாசகர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நயமறியும் உரிமை மாந்தருள் யாருக்கு உண்டு என்பதே நமது கேள்வி. மது அதற்கொரு வழி.

பர்கண்டியில் மோன்ராஷே என்றொரு தோட்டம். பரப்பு ஏறத்தாழ 8 ஹெக்டேயர். நம் பழைய போடியார்களின் வயல்களுக்கு முன் அது ஒரு துண்டு நிலம். சுண்ணக்கல் மண், ஷார்டனே என்னும் திராட்சை. அங்கு பிறக்கும் வெண்மதுவில் தேனையும், வறுத்த பருப்பின் வாசனையையும், வெண்ணெயையும், நனைந்த கல்லையும் காண்பதாகச் சுவைஞர் எழுதுவர். விழுங்கிய பின்னரும் சுவை நெடுநேரம் நாவில் நிற்பதை உயர்வின் அடையாளமாகக் கொள்வர். இது வெறும் செல்வர் பிதற்றலா? முற்றிலும் அப்படியன்று. மது புளிக்கும் இரண்டாங் கட்டத்தில் நுண்ணுயிர்கள் கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அப்போது டைஅசெற்றைல் என்னும் பொருளும் தோன்றுகிறது. வெண்ணெய்க்கு மணம் தருவதும் அதுவே. பாலைத் தயிராக்குவனவும் அந்த லாக்டிக் அமில நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சேர்ந்தவைதாம். பிரபுவின் கிண்ணத்திலும் பட்டிக்காரரின் சட்டியிலும் ஒரே குலத்துத் தொழிலாளர்!

1757-இல் ஹியூம் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் சுவையின் அளவுகோலைப் பற்றி எழுதியபோது, 'டொன் கிஹோட்டே' நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாண்டார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவருள் ஒருவர் தோல்வாடை வீசுகிறது என்றார். மற்றவர் இரும்பு தட்டுகிறது என்றார். ஊர் சிரித்தது. பீப்பாய் வெறுமையானபோது அடியிலே தோல்வார் கட்டிய சாவியொன்று கிடந்தது! சுவை வெறும் மனமயக்கமன்று, பொருளிலேயே அதற்கு ஆதாரம் உண்டு என்பது ஹியூமின் முடிவு. நாமும் ஒப்புகிறோம். ஆனால் 2001-இல் பிரெஞ்சு ஆய்வாளர் புரோஷே வெளியிட்ட சோதனையொன்றும் உண்டு. சாயமூட்டிய வெண்மதுவை மதுவியல் மாணவர் 54 பேரிடம் கொடுத்தபோது, செம்மதுவுக்குரிய சொற்களாலேயே அதனை அவர்கள் வருணித்தனர். நா பொய் சொல்லவில்லை. கண்ணும் மதிப்பும் நாவை அதட்டின.

இனி நமது கரைக்கு வருவோம். வாவிக்கு அப்பால், வலையிறவுப் பாலம் கடந்தால் படுவான்கரை. அங்கு தயிர் விற்கும் மூதாட்டி சட்டியைச் சற்றே சாய்த்துப் பார்ப்பார். தயிர் அசையாது நிற்க வேண்டும். எருமைப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 7. பசும்பாலில் 4 அளவுதான். மண்சட்டி நீரை உறிஞ்சித் தயிரை இறுக்குகிறது. உறை கூடியதா, பாலில் புகை பிடித்ததா, சட்டி புதிதா என்பதையெல்லாம் ஒரு விரல் தொட்டு அவர் சொல்லிவிடுவார். சாவியைக் கண்ட நாவுக்கு இந்த நா எவ்வகையில் குறைந்தது? அவர் தீர்ப்பை ஏட்டில் எழுதுவாரில்லை, அவ்வளவே.

பிரான்சில் மதுவின் ஊர்ப்பெயருக்குச் சட்டக் காவல் 1935-இல் கிடைத்தது. அது இரசிகர்கள் இரங்கித் தந்ததன்று. 1907-இலேயே கலப்பட மதுவுக்கு எதிராகத் தென்பிரான்சின் கொடிமுந்திரி விவசாயிகள் இலட்சக்கணக்கில் தெருவில் இறங்கினர். நார்போன் நகரில் படையினர் சுட்டுப் பலர் மாண்டனர். நம் நாட்டுக் கறுவாவுக்கும் 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கிற்று. நல்லதே. ஆயினும் தயிருக்குக் குறியீட்டுக்கு முன் வேண்டியது புல்.

வேளாண்மைக் காலத்தில் வயலோரம் மாடு நிற்க இடமில்லை. மட்டக்களப்பு மாவட்டப் பண்ணையாளர் தம் பட்டிகளை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைக்கு ஓட்டிச் செல்வது வழக்கம். அத்தரையில் வெளியிலிருந்து வந்தோர் பயிர்செய்யத் தொடங்கியதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் அவர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் மடிகின்றன என்று முறையிட்டனர். மோன்ராஷேயின் 8 ஹெக்டேயரை உழுது கிழங்கு நட யாரேனும் முனைந்தால் உலகத்துச் சுவைஞரெல்லாம் கூக்குரலிடுவர். சித்தாண்டிப் பந்தலுக்கு, கொழும்பில் கித்துள் பாணி வார்த்துத் தயிர் உண்போருள் எத்தனை பேர் செவிகொடுத்தனர்?