ஒரே கொட்டை, நான்கு கோப்பைகள்

காப்பியைப் பற்றி இவ்விதழில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், ஞானத்தைக் குறிக்கும் 'சாப்பியென்சியா' என்னும் இலத்தீன் சொல், சுவைத்தலைக் குறிக்கும் 'சாப்பெரே' என்னும் வினையிலிருந்தே பிறந்தது என்பதைக் குருமடத்தில் பயின்றோர் அறிவர். சுவைப்பவனே அறிகிறான் என்று முன்னோர் கருதினர் போலும். 34ஆம் திருப்பாடலும் இறைவனை அறிதலுக்குச் சுவையையே உவமையாக்குகிறது. ஆகவே நமது துணிவை வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடிப் பக்கம், சிறு காப்பித் தோட்டம் வைத்திருக்கும் அன்பர் ஒருவர் அண்மையில் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். மலைவாழைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே விளைந்த அராபிகா முக்கால் பங்கு, குடகிலிருந்து தருவித்த ரொபஸ்டா கால் பங்கு எனக் கலந்து, அளவாய் வறுத்த கொட்டையைக் கொணர்ந்திருந்தார். சிக்கரி அறவே இல்லை. (சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்பதே நம் நாட்டு விதி. நாம் காப்பியென்று பருகுவதில் ஏறக்குறையப் பாதி, காப்பியாக இல்லாதிருக்கவும் கூடும்!) கையால் சுற்றும் அரைவை இயந்திரமும் சில கருவிகளும் அவரிடம் இருந்தன. மாலைத் திருப்பலி முடிந்தபின் அவரும், நமது உதவிப் பங்குத்தந்தையும், சமையலறைப் பொறுப்பிலுள்ள அம்மையாரும், நாமும் மேசையைச் சுற்றி அமர்ந்தோம்.

முதற்கோப்பை, தாள் வடிகட்டியில் வடித்தது. 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ், தம் மகனின் பள்ளி ஏட்டிலிருந்த மையொற்றுத் தாளைக் கொண்டு கண்ட வழி இது. எண்ணெய்ப்பசையைத் தாள் தடுத்துவிடுவதால் நீர் தெளிந்திருந்தது. ஆரஞ்சுத் தோலின் மெல்லிய புளிப்பு நாவில் நின்றது. இரண்டாவது, கொரகொரப்பாய் அரைத்த தூளைக் கண்ணாடிக் குவளையில் நான்கு நிமிடம் ஊறவைத்து, சல்லடைத் தட்டால் அழுத்தியது. அது கனமாகவும் வழவழப்பாகவும் இருந்தது. மூன்றாவது நமது பித்தளை வடிகட்டியின் டிக்காஷன். பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் பருகியபோது கருகிய வெல்லத்தின் நினைவு வந்தது. நான்காவது, நம் பாட்டிமார் செய்தவாறு நீரோடு கொதிக்கவைத்து வடித்தது. அதன் கசப்பைச் சொல்லி முடியாது.

"கொட்டை ஒண்ணுதானே சாமி? இதுல எது நெசமான ருசி?" என்றார் அம்மையார்.

"அவரவர் நாக்கைப் பொறுத்தது, அம்மா" என்றார் உதவிப் பங்குத்தந்தை. இக்காலத்தார் எதற்கும் சொல்லும் விடை அது. நம்மால் அதனை ஏற்க இயலவில்லை.

அன்பர் விளக்கினார். வெந்நீர் முதலில் புளிப்பைக் கவர்கிறது, அடுத்து இனிப்பை, இறுதியிலேயே கசப்பை. வறுத்த கொட்டையின் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு நீரில் கரையக்கூடியது. 18 முதல் 22 விழுக்காடு வரை கரையவிட்டு நிறுத்துவதே நன்று என்பது சுவைஞர் வழக்கு. குறைந்தால் புளிக்கும், மிகுந்தால் கசக்கும். கொட்டையில் இல்லாத எதையும் நீர் கொணர்வதில்லை. இருப்பதில் எது வெளிப்படும் என்பதையோ வெப்பமும் நேரமும் அரைத்த பதமும் தீர்மானிக்கின்றன.

பெறப்படுவது பெறுபவரின் இயல்புக்கேற்பவே பெறப்படுகிறது என்பது அக்குவினாஸ் நகர்ப் புனித தோமா மீண்டும் மீண்டும் கையாளும் கருத்து. இதனை அவர் உண்மையை மறுக்கக் கூறவில்லை. பொருள் ஒன்றே, அதனை அறியும் நமது வழி குறையுடையது. குருமாணவராய் இதனை மனப்பாடம் செய்து தேர்வும் எழுதினோம். ஆனால், அந்த நான்காவது கோப்பையைக் கையில் வைத்திருந்தபோது நமக்கு நினைவுக்கு வந்தவர் புனித தோமா அல்லர்; முந்தைய பங்கொன்றில் நாம் அறிந்திருந்த ஒரு மனிதர்.

அவர் பங்குப்பேரவை உறுப்பினர். திருவிழாக் கணக்கில் பிழை இருப்பதாக ஒருநாள் பணிவாகவே சொன்னார். பிறகு பார்க்கலாம் என்றோம். அடுத்த கூட்டத்திலும் கேட்டார்; அப்போதும் அவ்வாறே சொன்னோம். நான்கு மாதம் சென்றது. ஐந்தாம் மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் கடுஞ்சொற்களைக் கொட்டினார். இவர் பிறவியிலேயே கசப்பான மனிதர் என்று முடிவுகட்டி, அடுத்த பேரவையில் அவரைச் சேர்க்காமல் விட்டோம். மாறுதலாகி வரும்போது, அடுத்து வருபவருக்கும் அவ்வாறே சொல்லி வந்தோம். பின்னர் கணக்கைச் சரிபார்த்தபோது பிழை இருந்தது உண்மையென்று தெரியவந்தது.

அக்கசப்பு அவரிடம் இல்லாததன்று. அவர் கூறிய சொற்களில் இரண்டொன்று ஒருவரும் கூறத்தகாதவை. சூழ்நிலை ஒரு செயலின் கனத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். தீயதை நல்லதாக்காது என்பதே அறநெறி இறையியல் நமக்குக் கற்பித்த பாடம். மேலும், மனிதர் காப்பிக்கொட்டை அல்லர். தம்மிடமிருந்து எதை வெளிவிடுவது என்பதில் அவருக்கும் பங்குண்டு. ஆனால் அவரை நான்கு மாதம் ஊறவைத்தவர்கள் நாம். அவரது முதற்சொல்லின் பணிவு நம் நினைவில் தங்கவே இல்லை. இறுதியில் இறங்கியதையே அவரது இயல்பென்று பெயரிட்டோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் இத்தனை ஆண்டுகள் பிறர் குற்றங்களைக் கேட்டிருந்தும், இதனை நமது குற்றமாக ஒருமுறையேனும் அறிக்கையிட்டதில்லை. எந்தக் கட்டளையின் கீழ் இதனைச் சேர்ப்பது என்று இப்போது எண்ணிப்பார்க்கிறோம். எட்டாம் கட்டளையாக இருக்கலாம்.

அன்று மீந்திருந்த நான்காம் கோப்பைக் காப்பியில் அம்மையார் பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தாமே குடித்துவிட்டார். கால் கிலோ கொட்டை இன்னும் இருக்கிறது. அம்மனிதரின் ஊர் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். ஆறு ஆண்டுகள் அவருடைய பங்குத்தந்தையாய் இருந்தோம். அவர் வீட்டில் ஒருநாளும் காப்பி குடித்ததில்லை.