பயிற்சியும் பற்றின்மையும்

நல்லதென அறிந்து ஏற்றுக்கொண்ட பழக்கத்தில்கூட மனம் நிலைத்து நிற்கத் தவறுவது ஏன் என்னும் கேள்வியை ஆழ்ந்து ஆராய்ந்த இந்தியத் தத்துவ நூல்களுள் பதஞ்சலியின் யோகசூத்திரம் தலையாயது. நான்கு பாதங்களாக அமைந்த அந்நூலின் முதற் பாதம், விருத்திகள் எனப்படும் மன அலைவுகளை அடக்குவதற்கு அப்பியாசம், வைராக்கியம் என்னும் இரண்டையும் இணைத்தே வழியாகக் காட்டுகிறது. அப்பியாசமாவது மனத்தை அமைதியில் நிலைநிறுத்துவதற்கான முயற்சி. வைராக்கியமாவது கண்டவற்றின் மீதும் கேட்டவற்றின் மீதும் எழும் வேட்கையை வென்ற பற்றற்ற நிலை. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்திலும், மனத்தை அடக்குதல் அரிதென்று முறையிடும் அருச்சுனனுக்குக் கண்ணன் இவ்விரண்டையே விடையாகத் தருகிறான்.

பயிற்சி உறுதிப்படுவதற்கு நெடுங்காலம், இடையறாமை, சத்காரம் எனப்படும் மதிப்பார்ந்த ஈடுபாடு ஆகிய மூன்றும் வேண்டும் என்பது முதற் பாதத்தின் 14ஆம் சூத்திரத்தின் கருத்து. சத்காரத்தைத் தவம், பிரமசரியம், கல்வி, சிரத்தை ஆகியவற்றோடு கூடிய ஈடுபாடாக வியாசரின் உரை விளக்குகிறது. நெடுங்காலம் என்று கூறிய பதஞ்சலி அதற்கு நாள்வரையறை எதையும் விதிக்கவில்லை. அதற்குரிய காரணம் சம்ஸ்காரம் என்னும் கோட்பாட்டில் விளங்கும். ஒவ்வொரு எண்ணமும் செயலும் மனத்தில் விட்டுச்செல்லும் பதிவே சம்ஸ்காரம். அப்பதிவு மீண்டும் அதே வகை எண்ணத்தைத் தோற்றுவிக்க, அவ்வெண்ணம் பதிவை மேலும் வலுப்படுத்துகிறது. எண்ணற்ற பிறவிகளில் சேர்ந்ததாக மரபு கருதும் பழம்பதிவுகளைப் புதிய பதிவுகள் மெல்ல மெல்லவே வலுவிழக்கச் செய்யும்; அவ்வாறு உள்ளே நிகழும் மாற்றம் வெளியே புலப்படுவதற்கு முன், பயில்பவருக்குத் தம் முயற்சி பயனற்றதாகத் தோன்றுவது இயல்பே.

இத்தளர்ச்சியைப் பதஞ்சலி முன்கூட்டியே உணர்ந்திருந்தார். நோய், மந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல், புலன்வேட்கை, திரிபுக்காட்சி என 30ஆம் சூத்திரம் அடுக்கும் ஒன்பது இடையூறுகளுள் இறுதி இரண்டு, நாடிய நிலையை எட்ட இயலாமையும், எட்டிய நிலையில் நிற்க இயலாமையும் ஆகும். முன்னேற்றத்தின் தாமதத்தை நோயோடும் சோம்பலோடும் ஒரே வரிசையில் வைத்ததனால், அது பயில்பவரின் தகுதியின்மைக்குச் சான்றாகாமல், வழியில் எவரும் எதிர்கொள்ளக்கூடிய, நீக்கத்தக்க இடையூறாகிவிடுகிறது. அதனை நீக்குவதற்கு 32ஆம் சூத்திரம் கூறும் மருந்து, ஒரே பொருளைப் பற்றி நின்று பயிலுதல் ஆகும். பலனைக் காணாத நாள்களில் முறைகளை மாற்றிக்கொண்டே செல்பவரிடம் எந்தப் பதிவும் வேரூன்றுவதில்லை என்பதால் இம்மருந்தின் பொருத்தம் விளங்கும்.

வைராக்கியம் இவ்விடத்தில்தான் இன்றியமையாததாகிறது. யோகத்தால் கிட்டும் சித்திகளும் சமாதிக்குத் தடையே என்றும், அவற்றின் மீதும் பற்று அகல வேண்டும் என்றும் மூன்றாம் பாதம் கூறுகிறது. கைவந்த பேற்றின் மீதே பற்று ஆகாதெனில், இன்னும் வாராத பேற்றை எண்ணி ஏங்குவதும் ஆகாது. அவ்வேக்கமும், அடக்கப்பட வேண்டிய மன அலைவுகளுள் ஒன்றே.

பலனில் பற்று விட்டால் முயற்சி தளராதோ என்று ஒருவர் வினவலாம். பலனை நாள்தோறும் அளப்பவருடைய முயற்சியோ, அளவு குறைந்த நாளிலேயே நின்றுவிடுகிறது. பயிற்சியையே மதித்துச் செய்பவருக்கு அவ்வாறு நிற்பதற்குக் காரணமில்லை. சிரத்தை இருந்தும் யோகத்தில் தவறியவன் அழிந்துபோவானோ என்று அருச்சுனன் கேட்டபோது, அவன் அழிவதில்லை என்றும், முன் ஈட்டிய அறிவோடு மறுபிறவியில் மீண்டும் தொடங்குவான் என்றும் கீதை உறுதியளிக்கிறது. மறுபிறவியை ஏற்காதவருக்கும் இவ்விடையின் சாரம் பயன்படும். உண்மையாகச் செய்யப்பட்ட ஒவ்வொரு முயற்சியும் செய்தவரின் இயல்பில் ஒரு பகுதியாகிவிடுவதால், நாளைய பயிற்சி ஒருபோதும் வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. ஆகவே பொறுமையைப் பயிற்சியின் உறுப்பாகவே கொண்டு, இருக்கையில் அமர்வதைப் பயில்வதுபோல் காத்திருப்பதையும் பயில வேண்டும்.