மாத்திரை அட்டையும் பட்டன் போனும்

பெரியம்மாவின் ரசத்தில் மாத்திரையைப் பொடித்துக் கலந்தவள் நான். கல்லூரியில் படித்துக்கொண்டு அவர் வீட்டில் தங்கியிருந்தேன். நாலைந்து நாள் தூக்கமே இல்லாமல் பேசிக்கொண்டே இருந்தார். வளையலைக் கழற்றி வழியில் போன யாரிடமோ கொடுத்தார். முன்பின் தெரியாதவர்களுக்கு போனில் பணம் அனுப்பினார். மருத்துவர் இருதுருவக் கோளாறு என்று சொல்லி ஓலன்சபின் எழுதிக் கொடுத்தார். பெரியம்மா விழுங்க மறுத்தார். சோற்றில் கலந்துவிடலாம் என்று முதலில் சொன்னது யாரென்று நினைவில்லை. மறுத்துப் பேசியவர் யாருமில்லை, நான் உட்பட.

அதே வாரம் அண்ணன் அவருடைய டச் போனை வாங்கிக்கொண்டு ஒரு பட்டன் போனைக் கொடுத்தார். டார்ச் லைட் உண்டு. எண்கள் நாலே நாலு: அண்ணன், அண்ணி, என் அம்மா, பால்காரர்.

அந்த முதல் சில நாட்களுக்காக நான் இன்றும் வெட்கப்படவில்லை. அவர் தூங்கினார். உயிரோடு இருந்தார். கூச்சம் வருவது அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான். அவர் தெளிந்துவிட்டார். கணக்கு வழக்குப் பார்த்தார், என் பரீட்சைத் தேதியை எனக்கே நினைவுபடுத்தினார். ஆனாலும் ரசம் அப்படியே தொடர்ந்தது, பட்டன் போனும் தொடர்ந்தது. ஓராண்டுக்கும் மேலாக. இது எதுவரை என்று யாரும் நாள் குறிக்கவில்லை.

ஓலன்சபின் பசியைத் தூண்டும், உடம்பைப் பெருக்க வைக்கும், சர்க்கரையையும் ஏற்றக்கூடும். இது மருத்துவர்கள் நன்கறிந்த பக்கவிளைவு. பெரியம்மாவுக்குத் தெரியாது. "ஏங்கண்ணு எனக்கு இப்பிடிப் பசிக்குது?" என்று என்னிடமே கேட்டார். சீனி போடாத காபிக்கு மாறினார், வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தார், விடியற்காலையில் வேகவேகமாக நடந்தார். அண்ணி அவரைச் சோம்பேறி என்றபோது தலையைக் குனிந்துகொண்டார். அவர் தன் உடம்போடு நடத்திய சண்டையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், காரணம் தெரிந்துகொண்டே.

போன் விஷயமும் அப்படித்தான். தங்கைகளோடு இருந்த வாட்ஸ்அப் குழு போய்விட்டது. தமிழில் வரும் குறுஞ்செய்திகள் அந்தப் போனில் கட்டம் கட்டமாகத் தெரியும். அவர் யாரோடு பேசினார் என்று அண்ணன் ராத்திரி எடுத்துப் பார்ப்பார். இன்று நகரத்தில் சிலர் மன அமைதிக்காகப் பட்டன் போன் வாங்குகிறார்கள். வேண்டாமென்றால் அடுத்த நாளே மாற்றிக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே பெரியப்பா ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டார். அவருடைய போனில் யாரும் கை வைக்கவில்லை.

2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் பின்னாளில் படித்தேன். எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 5ஆம் பிரிவு வழி செய்கிறது. மனநல நிலையத்தில் சேர்க்கப்பட்டவர் உரிய நேரத்தில் தொலைபேசியில் பேசலாம் என்கிறது 26ஆம் பிரிவு. அப்படியானால் பெரியம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தால் அவருக்குப் போன் உரிமை இருந்திருக்கும். சொந்த வீட்டில், சொந்தச் சமையலறைக்குப் பக்கத்தில் இருந்ததால் இல்லை.

இதை எழுதும்போது ஓர் உறுத்தல். குடிக்கிற கணவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்கும் பெண்களை நான் அறிவேன். அடி வாங்கி வாங்கி வேறு வழி தெரியாதவர்கள். அவர்களை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மாட்டேன். ஆனால் டைசல்ஃபிரம் உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவன் குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகலாம். கலப்பவள் ஒடுக்கப்பட்டவள் என்பதால் விழுங்குகிறவரின் அறியாமை பாதுகாப்பானதாகிவிடாது. பெரியம்மா விஷயத்தில் நான் அவ்வளவு நெருக்கடியிலும் இல்லை. எனக்குச் சொல்லப் பயம், அவ்வளவுதான். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார், மறுபடியும் நோய் வரும் என்று வாதித்துக்கொண்டேன். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் மருத்துவரிடம் அவரையே அழைத்துப்போய்ப் பேச வைக்கலாம், மாத்திரையை மாற்றித் தரச் சொல்லலாம் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஏமாற்றுவது சுலபமாக இருந்தது.

கடைசியில் ஒருநாள் அடுக்களையில் சொன்னேன். அவர் கத்தவில்லை. மாத்திரை அட்டையைக் கேட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தார். பட்டன் போனை எடுத்து, 'ஓ'வுக்கு 6ஐ மூன்று முறை, 'எல்'லுக்கு 5ஐ மூன்று முறை என்று அமுக்கி, அந்தப் பெயரிலேயே மருத்துவரின் எண்ணைப் பதிந்துகொண்டார். 'இசட்' எங்கே இருக்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்டார். 9ஐ நாலு முறை என்றேன்.

பிறகு, "மொத்தம் எத்தன நாளு கண்ணு?" என்றார். நாட்காட்டியை எடுத்து வந்து இருவரும் எண்ணத் தொடங்கினோம்.