காட்சியும் நம்பிக்கையும்

ஒரு மனிதனை நாம் நம்புவது அவனைக் கண்ணால் காண்பதனாலா, காணாமலே அவன் இயல்பை உணர்ந்துகொள்வதனாலா என்னும் வினா தத்துவ சாஸ்திரங்களுக்கே உரியதென்று நெடுங்காலம் எண்ணப்பட்டிருந்தது; ஆனால், ஊழியர்கள் ஒரே கூரையின் கீழ்க் கூடாமல், வெவ்வேறு ஊர்களில் தத்தம் வீட்டிலிருந்தபடியே கணினி வழியாக ஒரு தொழிலைச் சேர்ந்து நடத்தும் வழக்கம் பரவிவிட்ட இந்நாளில், அவ்வினா கம்பெனி நிர்வாகிகளின் மேஜைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அறிவு பெறும் வழிகளாகப் பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் முதலிய பிரமாணங்களை நம் தேசத்துத் தார்க்கிகர்கள் வகுத்தார்கள். சைவ சித்தாந்திகள் இவற்றையே காட்சி, கருதல், உரை என்பர். லோகாயதரோ காட்சி ஒன்றையே ஒப்புக்கொண்டு ஏனையவற்றைத் தள்ளினர். ஊழியன் நாற்காலியில் அமர்ந்திருப்பதைக் கண்டாலன்றி அவன் உழைக்கிறான் என்று நம்பமாட்டாத மேலதிகாரி, நெற்றி நிறைய விபூதி தரித்திருந்தாலும், தொழில் விஷயத்தில் பரம லோகாயதனே ஆவான்.

அத்தகைய மேலதிகாரியின் கொள்கையைச் சோதிப்பதுபோல், சீன தேசத்து ஷாங்காய் நகரில், சீட்ரிப் என்னும் பிரயாண ஏற்பாட்டு நிறுவனத்தின் தொலைபேசி அழைப்பு நிலையத்தில், 2010-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஒன்பது மாத காலம் ஒரு பரீட்சை நடைபெற்றது. வீட்டிலிருந்து பணிபுரிய முன்வந்தோருள் ஒரு பகுதியினரை வாரத்தில் நான்கு நாள் அவ்வாறே செய்யவிட்டு, மற்றையோரை அலுவலகத்திலேயே இருத்தி, இரு சாராரையும் ஒப்பிட்டனர். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவிகிதம் மிகுந்தது. காட்சி இன்றேல் கடமையும் இன்று என்ற வாதம் முறிந்தது. ஆனால், அதே பரீட்சை வேறிரண்டு உண்மைகளையும் வெளிப்படுத்தியது: சமமாக உழைத்தும், கண்ணுக்கு மறைவாயிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிட்டியது; விரும்பியபடி தேர்ந்துகொள்ளலாம் என்றபோது, அவர்களுள் பலர் தனிமை தாளாமல் அலுவலகத்துக்கே திரும்பினர்.

ஆகவே, கூடியிருத்தலின் பயன் கண்காணிப்பு அன்று. சகாவின் முகவாட்டத்தை அவன் வாய்திறக்குமுன் அறிந்து ஆறுதல் கூறுவதே அதன் பயன். வேலையை உரையால் பகிர்ந்துகொள்ளலாம். சொல்லப்படாத துக்கமோ காட்சிக்கு மட்டுமே எட்டும். மேலும், உரைப்பவன் ஆப்தனாய், அதாவது நம்பத்தக்கவனாய், இருந்தாலன்றி உரை பிரமாணமாகாது என்பது சாஸ்திரம். தொலைவிலிருந்து உழைப்போனுக்குச் சத்தியமே முதற்கருவி என்பது இதனால் பெறப்படும்.

இனி, நிர்வாகியின் கடமை யாது? உண்ணாநோன்பால் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தான் நேரில் கண்டறியாத பாண்டிநாட்டுப் புலவர் பிசிராந்தையார் தவறாது வருவாரென்று உறுதி கூறி, அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் செய்தான்; அவரும் வந்தார் என்பதைப் புறநானூறு காட்டும். காணாமலே கொண்ட நட்பை மட்டும் நாம் போற்றுகிறோம். எதிரில் இல்லாதவனுக்கு இடம் வைத்த அந்த நீதியைப் போற்ற மறந்துவிடுகிறோம். ஊதியத்திலும் உயர்விலும் அவ்வாறே இடம் வைக்கும் நிறுவனம் எவ்வூரிலிருந்து எவ்விதம் நடந்தாலும் தர்மத்தில் நிற்பதாகும். அந்நீதி இல்லாதவிடத்து, ஆயிரம் பேர் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருந்தாலும், அது கூட்டமேயன்றிக் குழு ஆகாது.